சோற்றைக் கரைக்காதீர்கள், மசியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் நிறைகிறது. குலதெய்வக் கோயிலில் சோறூட்டுவதற்கு நாள் குறித்திருக்கிறோம். அதன் பிறகு வீட்டில் எதிலிருந்து தொடங்குவது? "முதல் இரண்டு மாதம் பருப்புத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் போதும், கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது" என்கிறார் என் மாமியார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் குறித்திருக்கும் காலம் மிகச் சரியானது. ஆறு மாதம், அதாவது 180 நாட்கள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பின் தாய்ப்பாலுடன் இணை உணவு என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோயிலில் சோறூட்டுவதை மனநிறைவோடு செய்யுங்கள். ஆனால் பஞ்சாமிர்தத்தில் தேன் சேர்ந்திருக்கும் என்பதால் அதைக் குழந்தையின் நாவில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

உங்கள் மாமியாரின் அக்கறை புரிகிறது; ஆனால் தண்ணீராகக் கொடுப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லிதான் கொள்ளும். ஆறு முதல் எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். பருப்பு வெந்த நீரை மேலாக இறுத்துக் கொடுத்தால் புரதமெல்லாம் பாத்திரத்தின் அடியில் தங்கிவிட, குழந்தைக்கு வயிறு நிறைகிறதே தவிர உடம்பில் ஒட்டுவதில்லை. பால் குடிப்பதும் குறைந்துவிடுகிறது. "நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், எடைதான் ஏறவில்லை" என்று வரும் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, கஞ்சி எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதைத்தான். கரண்டியைச் சாய்த்தால் உணவு வழிந்தோடாமல் நிற்க வேண்டும். அதுவே சரியான பதம்.

இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, கையாலோ மத்தாலோ மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, முதல் சில நாட்கள் இரண்டு மூன்று கரண்டி கொடுங்கள். பிறகு மெல்ல அளவைக் கூட்டி, நாளைக்கு இரண்டு மூன்று வேளையாக ஆக்குங்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை; நம் நாக்குக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்கு அப்படி இருக்காது. மிக்ஸியில் விழுதாக அரைக்கும் பழக்கம் வேண்டாம். எட்டு, ஒன்பது மாதத்திலாவது சிறு பருக்கைகள் நாவில் படாவிட்டால், பின்னாளில் மெல்லவே மறுக்கும் குழந்தைகள் உண்டு.

கேழ்வரகைப் பற்றியும் சொல்ல வேண்டும். முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் அருமையான உணவு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் பலரும் நம்புவதுபோல அதை மட்டுமே நம்பி இரும்புச் சத்துத் தேவையை நிறைவு செய்ய முடியாது. தாயின் வயிற்றில் சேமித்த இரும்பு ஆறு மாதத்தோடு தீர்ந்துவருவதால், புலால் உண்ணும் வீடாக இருந்தால் வேகவைத்து மசித்த ஈரல், முட்டை, மீன் ஆகியவற்றை விரைவிலேயே தொடங்குங்கள். சைவமாக இருந்தால் பருப்போடும் கீரையோடும் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்ப்பது இரும்பை உடல் ஈர்க்க உதவும். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை தரப்படும் இரும்புச் சத்து மருந்தைப் பற்றிக் கிராமச் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

கேள்வி: எதை ஊட்டினாலும் நாக்கால் வெளியே தள்ளிவிடுகிறான். பிடிக்கவில்லை என்று விட்டுவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டுவிடாதீர்கள். பால் உறிஞ்சிப் பழகிய நாக்குக்கு, வாயில் வந்ததை முன்னே தள்ளுவதுதான் தெரியும். உள்ளே தள்ளி விழுங்குவது அது புதிதாகக் கற்கும் வேலை. ஒரே உணவை எட்டுப் பத்து முறை வெவ்வேறு நாட்களில் கொடுத்த பிறகே ஏற்கும் குழந்தைகள் ஏராளம். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், படுக்கவைத்துப் புகட்டுவதும் கூடவே கூடாது. புரையேறி மூச்சு அடைத்துவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகம் பார்த்துப் பேசிக்கொண்டே கொடுங்கள்.

கேள்வி: முட்டையும் வேர்க்கடலையும் ஒவ்வாமை தரும் என்பதால் ஒரு வயதுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: அது பழைய அறிவுரை. 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கும் முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கியபோது அந்த ஒவ்வாமை பெரிதும் குறைந்ததைக் காட்டியது. நன்கு வெந்த முட்டையைச் சிறிதளவு பகலில் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையானால் முன்னதாக மருத்துவரைக் கேளுங்கள். வேர்க்கடலையை மை போல அரைத்துக் கூழில் கலந்தே கொடுக்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியது என்பதால் ஐந்து வயது வரை அதைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.