‘வயசாச்சுல்ல!’ – வயதுப் பாகுபாட்டை எப்படி அளப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவமனையில் முதியவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று போன மாதம் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். பாதிப் பேர் திட்டியிருந்தார்கள், மீதிப் பேர் ‘இதையெல்லாம் அளக்க முடியுமா?’ என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்லக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு, முதியவர்களைப் பற்றிய மனப்பான்மையை அளக்கும் ‘கோகன் அளவுகோல்’ எடுத்துக்கொள் என்கிறார் கைடு. 1961-இல் வந்ததாம். இன்றைக்கு, அதுவும் நம் ஊரில், அது சரிப்படுமா?
– மதுரை வாசகி

பழையது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். நேதன் கோகன் அமைத்த 34 வாக்கியங்களும் 17 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முதியவர்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும், இன்னொன்று அதையே திருப்பிப் போட்டுச் சொல்லும். எதைக் கேட்டாலும் ‘ஆமாம், ஒத்துக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்துக்கொண்டே போகிறவர்களை இது காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரில் அந்த ரகம் அதிகம். கல்லூரியில் மேடம் பக்கத்தில் நிற்க, மாணவிகள் படிவம் நிரப்பினால் கேட்கவே வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், முதல் ஜோடியிலேயே. ‘பெரும்பாலான முதியவர்கள் தங்கள் வயதுக்காரர்களோடு தனிக் குடியிருப்புகளில் வசிப்பதே நல்லது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். அமெரிக்காவில் இதை மறுப்பவர், பெரியவர்களை ஒதுக்கி வைக்கக் கூடாது என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் மறுப்பவர் அனேகமாக முதியோர் இல்லத்தை நினைத்து மறுக்கிறார். அம்மாவை அங்கே விட்டால் ஊர் என்ன பேசும் என்ற கவலையும் அதே கட்டத்தில்தான் டிக்காக விழும். அந்த டிக்கை வைத்து முதியவர்கள் மீது அவருக்கு மரியாதை என்று எழுதிவிட முடியுமா?

மற்ற அளவுகோல்களிலும் இப்படி உண்டு. மருத்துவர்களுக்கென்று 1998-இல் அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அளவுகோல் கைக்கு அடக்கமானது, 14 வாக்கியங்கள்தான். ஆனால் அதில் ஒன்று, அமெரிக்க அரசு ‘மெடிகேர்’ (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணத்தை எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கோ குழந்தை நோய் ஆராய்ச்சிக்கோ திருப்பிவிடலாமா என்று கேட்கிறது. உசிலம்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு யார் என்ன பதில் சொல்வார்? கனடாவில் 1990-இல் வந்த ஃபிராபோனி அளவுகோல் (29 வாக்கியங்கள்) கொஞ்சம் கூர்மையானது. இளம் வயதினரின் தற்கொலை, முதியவரின் தற்கொலையைவிட அதிகத் துயரமானது என்று தொடங்கும். அந்த வாக்கியத்தைப் படித்ததும் பேனா கொஞ்சம் நிற்கும். நிற்க வைக்கும் வாக்கியம்தான் நல்ல வாக்கியம்.

கோகனையே எடுங்கள். ஆனால் நூறு பேரிடம் கொடுப்பதற்கு முன், எட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்ததும் மனதில் என்ன தோன்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தடம் மாறும் வாக்கியங்களைக் குறித்துவைத்து, கைடிடம் காட்டுங்கள். ப்ராஜெக்டில் பெயரும் ரோல் நம்பரும் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு 74. மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இரவில் தூக்கமில்லை. டாக்டர் “வயசாச்சுல்ல, இப்படித்தான் இருக்கும்” என்று சத்து மாத்திரை எழுதிவிட்டார். இதைப் பாகுபாடு என்பதா?
– திருநெல்வேலி வாசகர்

அளவுகோலை விடுங்கள், முதலில் அம்மாவை இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பது மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். முதியவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவென்றே 15 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது செய்யப்படவே இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு டாக்டர் ஒருமுறை சொன்னதை வைத்து அவரைப் பாகுபாடு பார்ப்பவர் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் நூறு டாக்டர்களை வைத்துச் சோதிக்கலாம். ஒரே நோயாளியின் கதை, ஒரே அறிகுறிகள். பாதி டாக்டர்களுக்குப் போகும் தாளில் வயது 44, மீதிப் பேருக்கு 74. என்னென்ன பரிசோதனை எழுதுவீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு குழுவின் பதில்களுக்கும் நடுவே மருத்துவக் காரணம் இல்லாத இடைவெளி விழுந்தால், அதுதான் நாம் தேடுவது. ‘முதியவர்களை மதிக்கிறீர்களா?’ என்று நேராகக் கேட்டால் எந்த டாக்டரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. அதனால்தான் கருத்தைக் கேட்பதைவிட இந்த முறையை நான் நம்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இது சார்ந்த ஒரு கணக்கு உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைப் பார்த்த 149 ஆய்வுகளில் 85 சதவீதத்தில், அந்த முடிவை வயதே தீர்மானித்திருக்கிறது.

நாங்கள் அப்பாவைக் கையில் வைத்துத் தாங்குகிறோம். ஒரு வேலை செய்ய விடுவதில்லை, பேங்குக்குக்கூட நானே போகிறேன். இதையும் பாகுபாடு என்று எழுதினீர்களே, நியாயமா?
– கோவை வாசகி

கோபம் புரிகிறது. உங்கள் பாசத்தை யாரும் சந்தேகப்படவில்லை. அப்பாவுக்குப் பேங்குக்குப் போக முடியவில்லையா, போக வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்களா? இரண்டாவது என்றால் நான் எழுதியதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

வெறுப்பை மட்டும் தேடும் பழைய அளவுகோல்களில் உங்கள் வீடு நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2017-இல் கேரியும் சக ஆய்வாளர்களும் 13 வாக்கியங்களில் ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். பகை கலந்த பாகுபாடு ஒரு பக்கம், பரிவு கலந்த பாகுபாடு இன்னொரு பக்கம் என்று அது இரண்டையும் தனித்தனியாக அளக்கும். கேட்காமலே உதவுவது, மனசு நோகும் என்று உண்மையை மறைப்பது எல்லாம் இரண்டாவது பக்கத்துச் சரக்கு. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் அளக்க வேண்டியது முக்கியமாக இந்தப் பக்கத்தைத்தான்.

எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நோயாளி நாற்காலியில், மகன் பின்னால் நிற்கிறார். “அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருதா?” என்று டாக்டர் மகனைக் கேட்பார். மகன் “வருது டாக்டர்” என்பார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி போயிருக்கும். ஸ்கேன் எடுக்கச் சம்மதமா என்பதும் மகனிடம், மாத்திரையை எப்போது போடுவது என்பதும் மகனிடம். நர்ஸ் வந்து “பாட்டிக்கு ஒண்ணுமில்ல, சமத்தா இருக்கணும்” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையாகக்கூட இருக்கலாம்.

அளவுகோலே தேவையில்லாத அளவீடு இது. காது நன்றாகக் கேட்கிற, நினைவு தெளிவாக இருக்கிற 70 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, டாக்டரின் முதல் ஐந்து கேள்விகளில் எத்தனை அவரிடமே கேட்கப்பட்டன என்று எண்ணினால் போதும். அப்பாவோடு அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களே எண்ணிப் பாருங்களேன். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசியதையும் சேர்த்து.

பொதுமக்களைவிட எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளர்களிடம்தான் இந்தப் பாகுபாடு அதிகம் என்கிறார்கள். உண்மையா?
– அரசு மருத்துவமனை செவிலியர்

அப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. ஆய்வுகள் ஒரே பக்கமாகச் சாயவில்லை. பொதுமக்கள் பக்கத்தில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு, உலகில் இருவரில் ஒருவருக்கு இந்த மனப்பான்மை உண்டு என்பது. 57 நாடுகளில் 83,034 பேரிடம் எடுத்த கருத்துக் கணிப்பிலிருந்து வந்தது. ஆனால் அது பல விஷயங்களைக் கேட்கும் பெரிய கணிப்பு, முதியவர்களைப் பற்றிய கேள்விகள் அதில் ஒரு சின்னப் பகுதிதான். அதையும் செவிலியர்களிடம் கோகன் வைத்து எடுத்த மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தப்பு. இரண்டு தரப்புக்கும் ஒரே கேள்வித்தாள் போக வேண்டும், வயதும் படிப்பும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் முதியவர்கள் எல்லாரும் படுக்கையில் இருப்பவர்கள். காலையில் வாக்கிங் போகிறவர் உங்கள் வார்டுக்கு வருவதில்லை. நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் நைட் டியூட்டி பார்க்கும்போது, மெதுவாகப் பதில் சொல்கிறவர் மேல் வரும் எரிச்சலில் பாதி ஆள் பற்றாக்குறையின் கணக்கில் சேர வேண்டியது. கேள்வித்தாளோடு பணிச்சுமையையும் கேட்காத ஆய்வுகளை நான் பாதிதான் நம்புவேன்.

அறிவையும் மனப்பான்மையையும்கூடக் குழப்பிவிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் பால்மோர் 1977-இல் தந்த 25 கேள்விகள் (முதியவர்களில் பெரும்பாலோர் புத்தி தடுமாறியவர்களா? இல்லை. நுரையீரலின் கொள்ளளவு வயதோடு குறையுமா? ஆமாம்) அறிவைச் சோதிப்பவை. அதில் முழு மதிப்பெண் வாங்கியவரும் வார்டில் சிடுசிடுக்கலாம்.

85 வயதுக்காரருக்கு ஐசியூ வேண்டாம் என்பது பாகுபாடா, மருத்துவ நியாயமா?
– சேலம் வாசகர்

காரணம் ‘85’ மட்டும் என்றால் பாகுபாடு. அவருடைய உடல் நிலை என்றால் மருத்துவம். 2020 மார்ச்சில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, இத்தாலியின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் ஐசியூவுக்கு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று எழுதியது பெரிய சர்ச்சையானது. வயதுக்குப் பதில், நோய்க்கு முன் அவர் எவ்வளவு நடமாட்டத்தோடு இருந்தார் என்பதை 1 முதல் 9 வரை மதிப்பிடும் நலிவு அளவுகோல் இருக்கிறது. அதுவும் எல்லாக் கேள்விக்கும் விடையல்ல, ஆனால் ஆதார் அட்டையைப் பார்த்து முடிவெடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கணினியில் வேகமாகப் பட்டன் அழுத்த வைத்து உள்மனதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டை நம்பலாமா?
– சென்னை வாசகர்

1998-இல் உளவியலாளர் கிரீன்வால்ட் குழு கொண்டுவந்த முறை அது. ஒரு கூட்டத்தின் போக்கைப் பார்க்கப் பயன்படும். ‘இவர் இப்படிப்பட்டவர்’ என்று ஒருவருக்குச் சான்றிதழ் கொடுக்க உதவாது, அதே ஆளுக்கு அடுத்த வாரம் மதிப்பெண் மாறலாம். வேலைக்கு ஆள் எடுக்க இதை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

எங்கள் மருத்துவமனையில் ஒருநாள் பயிற்சி கொடுத்தோம். மதிப்பெண் நன்றாக ஏறியது. வெற்றிதானே?
– தனியார் மருத்துவமனை நிர்வாகி

பயிற்சி முடிந்த அன்று மாலையே தாளைக் கொடுத்தால் ஏறாமல் என்ன செய்யும்? ஆறு மாதம் கழித்து அதே தாளைக் கொடுங்கள். 63 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வந்த ஒரு தொகுப்பில், பாடத்தோடு முதியவர்களுடன் நேரடிப் பழக்கமும் சேர்ந்த திட்டங்களே மனப்பான்மையை அதிகம் மாற்றின. அதனால் அடுத்த முறை பவர்பாயிண்டைக் குறைத்துவிட்டு, நோயாளிகளாக இல்லாத நான்கு பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட ஆளா கிடைக்காது?

எனக்கு 68. எங்களைப் பற்றி எல்லாரையும் கேட்கிறீர்கள், எங்களிடம் யாராவது கேட்டார்களா?
– தஞ்சாவூர் வாசகர்

கேட்டார்கள், தாமதமாகத்தான். பால்மோரே 2001-இல் 20 சம்பவங்களைப் பட்டியலிட்டு, ‘இது உங்களுக்கு நடந்ததா? எத்தனை முறை?’ என்று முதியவர்களையே கேட்டார். அமெரிக்காவில் 50 முதல் 80 வயது வரை உள்ளவர்களிடம் மிச்சிகன் பல்கலைக்கழகம் எடுத்து 2022-இல் வெளியான கணிப்பில், 93 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் இது அன்றாட வாழ்க்கையில் வழக்கமாக நடப்பதாகச் சொன்னார்கள். முதுமையை எல்லாரும் கேலியாகப் பேசுவதைக் கேட்பதும், தன் முதுமையைத் தானே மட்டமாக நினைப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். முதுமையைப் பற்றி நல்ல எண்ணத்தோடு இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 660 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் சொன்னது. எண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறு காரணங்களும் கலந்திருக்கும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் முழங்கால் வலியைப் பற்றி, ‘இந்த வயசில் இதுக்கெல்லாம் டாக்டரா’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், டாக்டர்தான். இந்த வாரமே போய்க் காட்டுங்கள். மகனைக் கூட்டிப் போனாலும், பேசுவது நீங்களாக இருங்கள்.