முதல் நாள் அறையில் யார் இருப்பது?

கேள்வி: எனக்கு 47 வயது, மனைவிக்கு 43. குன்னூரில் வசிக்கிறோம். இருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. பக்கத்து வெலிங்டனில் இருக்கும் இரண்டு நண்பர்களின் குடும்பங்களோடு சேர்ந்து, ஆறு பேராக, வரும் குளிர்காலத்தில் கற்றுக்கொள்ள ஆசை. பத்து நாள் விடுப்பு கிடைக்கும். உத்தராகண்டின் ஔலி, காஷ்மீரின் குல்மார்க், இமாச்சலின் சோலாங் மூன்றில் எது பக்கம், நடுவயதில் தொடங்குபவர்களுக்கு எது ஏற்றது? என் அப்பாவுக்கு 76 வயது, இளைப்பு உண்டு. அவரையும் அழைத்துப் போகிறோம். ஏதாவது என்றால் சீக்கிரம் ஊர் திரும்ப வசதியான இடமாக இருந்தால் நல்லது. முதல் நாள் மனைவி அப்பாவோடு அறையில் இருப்பாள். பிடித்திருந்தால் அடுத்த நாள் எங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். கோவையில் அக்கா இருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை.
பெயர் வேண்டாம், குன்னூர்.

பதில்: குல்மார்க்குக்குப் போங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் நாள் மனைவி அறையில் இருப்பாள், பிடித்திருந்தால் அடுத்த நாள் சேர்ந்துகொள்ளட்டும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம்.

எதைப் பார்த்து அவருக்குப் பிடிக்க வேண்டும்? அறையின் ஜன்னலைப் பார்த்தா?

பனிச்சறுக்கில் முதல் நாள் யாருக்கும் பிடிக்காது. வாடகைக் கடையில் பூட்ஸை மாட்டும்போதே கால் நெரிபடும். கணுக்காலை அது அசையவிடாது. சமதளத்தில் ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டி நகரச் சொல்வார்கள், பிறகு இரண்டு காலிலும். அடுத்து விழுவதற்குப் பயிற்சி. பின்பக்கமாக உட்காராமல் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். எழுவது அதைவிடக் கடினம். இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்கே வைத்தால்தான் எழ முடியும். சரிவை நோக்கி வைத்தால் எழும்போதே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு, பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பகுதியை விரித்து, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தி வேகத்தைக் குறைக்கும் நிலையைச் சொல்லித்தருவார்கள். ஸ்னோபிளவ் என்று அதற்குப் பெயர். பனிச்சறுக்கின் அரிச்சுவடி அதுதான். அந்த நிலையிலிருந்து எடையை ஒரு காலுக்கு மாற்றித் திரும்புவதுதான் அடுத்த பாடம்.

அந்த அரிச்சுவடியைத் தவறவிட்ட ஒருவர் இரண்டாம் நாள் காலையில் உங்களோடு வந்து நின்றால் என்ன நடக்கும்? பயிற்சியாளர் அவரை ஓரமாக நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கவனிப்பார். இல்லையென்றால் மற்ற ஐந்து பேரும் அவருக்காகக் குளிரில் காத்திருக்க வேண்டும். நண்பர்களும் அவர்களுடைய மனைவிமாரும் பார்த்துக்கொண்டு நிற்க, 43 வயதுப் பெண் அதை எவ்வளவு நேரம் தாங்குவார்? மதியத்துக்குள், "எனக்கு இது சரிப்படாது, நீங்கள் போங்கள், நான் மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். நீங்களும் ஊர் திரும்பி, அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். அதை உண்மை என்று நம்பியே சொல்வீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதே கதையைப் பலமுறை படித்துவிட்டேன். ஒருவர் கடிதத்தில் ராமேஸ்வரம், இன்னொருவர் கடிதத்தில் சிங்கப்பூர், ஊர்தான் மாறுகிறது. குடும்பமே கிளம்பிப் போகும். பைகளையும் செருப்புகளையும் பெரியவரையும் பார்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார். அது யார் என்று எந்த வீட்டிலும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. உங்கள் வீட்டிலும் பேசியிருக்க மாட்டீர்கள். பேசியிருந்தால், முதல் நாள் நான் அறையில் இருக்கிறேன், அவள் கற்றுக்கொள்ளட்டும் என்ற யோசனை ஒரு முறையாவது உங்களுக்கு வந்திருக்கும்.

பெற்றவரைக் கடைசிவரை தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது மகனின் கடமை. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. காலம் மாறிவிட்டது என்று சொல்லி அதிலிருந்து யாரையும் நான் விடுவித்ததும் இல்லை. அப்பாவை உங்களோடு வைத்திருக்கிறீர்கள் என்பதாலேயே உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் அந்தக் கடமை உங்களுடையது. உங்கள் மனைவி அதற்குத் தோள் கொடுக்கிறார். தோள் கொடுக்க வந்தவரிடம் பாரத்தை முழுதாக இறக்கிவிட்டு, நீங்கள் கையை வீசிக்கொண்டு சரிவுக்குப் போவது நியாயமில்லை.

அதோடு, இளைப்பு இருக்கும் 76 வயதுக்காரரைப் பனிக்காலத்தில் குல்மார்க்குக்கு எதற்காக அழைத்துப் போகிறீர்கள்? இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே இறங்கும் இடம் அது. குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பது இளைப்புக்காரர் இருக்கும் எந்த வீட்டுக்கும் தெரிந்ததுதான். குல்மார்க்கின் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. சிகரத்துக்குக் காரில் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு இறங்குவது வேறு, அதே உயரத்தில் இரவும் பகலும் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பது வேறு. பனி கொட்டும் இரவில் அவருக்கு மூச்சுத் திணறினால், அடிவாரத்துத் தங்மார்க்குக்கு இறங்கும் 13 கிலோமீட்டர் மலைச் சாலையை நம்பித்தான் நீங்கள் இருக்க வேண்டும். அவர் வர ஆசைப்பட்டார் என்று ஒரு சொல்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அழைத்துப் போகிறோம் என்றுதான் இருக்கிறது. அவரிடம் கேட்டீர்களா?

அக்காவைத் தொந்தரவு செய்ய உங்களுக்கு மனமில்லை. மனைவியைத் தொந்தரவு செய்ய மட்டும் எப்படி மனம் வந்தது? பெற்ற அப்பாவைப் பத்து நாள் வைத்துக்கொள்வது மகளுக்குத் தொந்தரவு என்று அவரைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பிறந்த வீட்டுக் கடமை மகளுக்கும் உண்டு. பலர் அதைச் செய்யக் காத்திருக்கிறார்கள். தம்பி கேட்பதில்லை என்ற வருத்தம்தான் அவர்களுக்கு இருக்கிறது. அப்படி எனக்கு எழுதிய அக்காமார்களும் இருக்கிறார்கள். கோவையில் அந்த மாதங்களில் குன்னூர்க் குளிர் இல்லை, மருத்துவமனையும் பக்கம். அப்பாவுக்கு வேறு வீட்டில் தூக்கம் வராது என்றால் அக்கா இங்கே வந்து இருக்கட்டும்.

ஆனால் அக்காவிடம் நீங்களே பேசுங்கள். மனைவியைப் பேசச் சொல்லாதீர்கள். தான் ஊர் சுற்றிவிட்டு வருவதற்காக நாத்தனாரிடம் பத்து நாள் கேட்கும் நிலையில் எந்த மருமகளும் இல்லை. கேட்டால் அது பத்து வருடத்துக்குப் பேச்சாக நிற்கும். மாத்திரைகளின் பெயர், வேளை, இன்ஹேலர் எத்தனை முறை, எந்த மருத்துவர் என்பதையெல்லாம் உங்கள் கையால் எழுதிக்கொடுங்கள். எழுத உட்காரும்போது, அதில் எவ்வளவு உங்களுக்கே தெரியும் என்பது தெரிந்துவிடும்.

கூலிக்கு ஆள் வைத்துவிட்டுப் போகலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். மகள் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்பாவைப் பத்து நாள் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி இடத்துக்கு வருகிறேன். குன்னூர்க்காரருக்கு இந்த மூன்றில் எதுவுமே பக்கம் இல்லை. விமானத்தை விட்டு இறங்கிய பிறகு மலைச் சாலையில் எத்தனை மணி நேரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஔலிக்கு டேராடூன் விமான நிலையத்திலிருந்து ஜோஷிமட் வரை ஒரு பகல் முழுக்க மலைப் பாதை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கும். வீட்டில் வயதானவரை விட்டுவிட்டுப் போகிறவர் அப்படிப்பட்ட நீண்ட ஒற்றைப் பாதையை நம்பிப் போகக் கூடாது. ஔலியின் சரிவுகள் நல்லவை, 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் போட்டிகள் அங்கே நடந்தன. விடுப்பு அதிகம் இருப்பவர்கள் போகட்டும்.

சோலாங் மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர்தான், செலவும் குறைவாக முடிக்கலாம். ஆனால் சீசனில் அங்கே கூட்டம் மிதிபடும். டயரில் சறுக்குபவர்கள், பனி ஸ்கூட்டர், குடும்பம் குடும்பமாகப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் அதே சரிவில்தான். நிற்கத் தெரியாதவருக்கு முன்னால் வெற்றிடம் வேண்டும். அது அங்கே கிடைப்பது அரிது. விடுமுறையைக் கழிக்கச் சோலாங் போதும். கற்றுக்கொள்ளப் போதாது.

குல்மார்க்குக்குக் கோவையிலிருந்து டெல்லி போய், விமானம் மாறி ஸ்ரீநகர். அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலை. பனி விழுந்திருந்தால் தங்மார்க்கில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். கோவையில் அப்பாவுக்கு ஏதாவது என்றால் வானிலை இடம் கொடுக்கும் நாளில் உங்களால் விரைவாகத் திரும்ப முடியும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதன் வகுப்புத் தேதிகளை முதலில் விசாரியுங்கள்; உங்கள் விடுப்போடு பொருந்தாவிட்டால் தனிப் பயிற்சியாளர்கள் கிடைப்பார்கள். கிண்ணம் போன்ற அந்தப் புல்வெளியின் அடியிலேயே தொடக்கக்காரர்களுக்கான மென்மையான சரிவுகள் இருக்கின்றன. பலகை, பூட்ஸ், கம்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

கோண்டோலா என்ற கேபிள் காரில் உச்சிக்குப் போகும் ஆசையை நண்பர்கள் கிளப்புவார்கள். முதல் கட்டம் கோங்தூரி வரை. ஏறிப் பார்த்துவிட்டு அதே வண்டியில் இறங்கலாம். இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் போகிறது. அங்கிருந்து சறுக்கி இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் சமன்படுத்தாத பனி, பனிச்சரிவு அபாயம் உள்ளவை. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள், அவர்கள் தொடக்கக்காரர்கள் இல்லை. ஆறு பேரில் யாரும் பலகையோடு மேலே போகக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஜனவரிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். 2024 ஜனவரியில் வாரக்கணக்கில் குல்மார்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பிப்ரவரி பின்பாதியைக் குறிவைத்து, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

உடம்பைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். சுமார் 1,850 மீட்டரில் வாழ்கிறவருக்கு மேலும் 800 மீட்டர் பெரிய அதிர்ச்சி தராது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் மூச்சு வாங்குவார்கள். பனிச்சறுக்கில் முதலில் களைப்பது தொடை, அதிகம் அடிபடுவது முழங்கால். தொடையைப் பழக்க இறக்கத்தில் நடக்க வேண்டும், ஏற்றத்தில் நடந்தால் போதாது. சிம்ஸ் பூங்காவின் சரிவுப் பாதையில் தினமும் இருவரும் சேர்ந்து நிதானமாக இறங்குங்கள். அந்த அரை மணி நேரம் அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கிளம்புவது உங்கள் வேலையாக இருக்கட்டும். பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பிடியை உங்கள் எடையையும் திறமையையும் கேட்டுத்தான் முறுக்கி வைப்பார்கள். விழும்போது அது கழன்றால்தான் முழங்கால் தப்பும். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லுங்கள், நீங்களும் தெரியாத வித்தையைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள்; சாய்ந்தால் பலகை கட்டுப்பாட்டை விட்டு ஓடும். முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஹெல்மெட்டும் கண்ணாடியும் கட்டாயம். வெயில் பனியில் பட்டுத் திரும்பி அடித்தால் ஒரே நாளில் கண் எரிந்து நீர் வடியும்.

சறுக்கும்போது மனைவிக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்களுக்கும் தெரியாது. இரண்டு பேரும் பயிற்சியாளர் முன்னால் ஒரே வரிசையில் நின்று விழுந்து எழுந்துகொள்ளுங்கள்.

அக்காவால் உண்மையாகவே முடியாத நிலை இருக்கலாம். அவர் வீட்டில் ஒரு பிரசவமோ நோயோ இருந்தால் வற்புறுத்தக் கூடாது. அப்போது இந்த ஆண்டு மனைவி அந்த இரண்டு குடும்பங்களோடு போய்க் கற்றுக்கொண்டு வரட்டும். நீங்கள் எடுத்த பத்து நாள் விடுப்பில் குன்னூரில் அப்பாவோடு இருங்கள். அடுத்த குளிர்காலத்தில் உங்கள் முறை.