மகள் எழுதி அனுப்பியது பேப்பரில் வரவில்லை என்றால்

அம்மா, நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் படித்தேன். பாப்பா +2-வில் 541 எடுத்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்கும், ஆனால் நிருபராகத்தான் போவேன் என்று பிடிவாதம். எழுதி அனுப்பிய இரண்டுமே வரவில்லை, அப்படியானால் திறமை இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தமிழ் நன்றாகவே வருகிறது. எழுதியது செய்தி இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று பள்ளி ஆண்டு விழா. பரிசு வாங்கிய பிள்ளைகளின் வீடுகளில் அது பெரிய விஷயம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் புரட்டுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? இன்னொன்று ‘பிளாஸ்டிக்கின் தீமைகள்’. அதில் எதுவுமே நடக்கவில்லை. யார், எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் கிடையாது. காணும் பொங்கல் கூட்டம் கலைந்த மறுநாள் காலை சில்வர் பீச்சுக்குப் போய், தூய்மைப் பணியாளர்கள் எத்தனை வண்டி குப்பை அள்ளினார்கள் என்று நின்று எண்ணி எழுதியிருந்தால், அதே பிளாஸ்டிக் மாவட்டப் பக்கத்தில் ஏறியிருக்கும்.

பத்திரிகை அலுவலகத்தில் எந்தச் செய்தியைப் போடுவது என்று முடிவெடுக்கும் டெஸ்க்கில் இருப்பவர் முதலில் பார்ப்பது, இது நம் வாசகருக்கு என்ன செய்யும் என்பதைத்தான். கிலோமீட்டர் கணக்கு இதில் உதவாது. சாத்தனூர் அணை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் அங்கே விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தபோது அது கடலூருக்குத் தலைப்புச் செய்தி. தென்பெண்ணை கடலில் சேர்வது இங்கேதானே. புதுச்சேரி அரசு பெட்ரோல் வரியைக் கூட்டினாலும் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்து விவகாரம் என்று பெயர். டேங்க் நிரப்ப எல்லை தாண்டி முள்ளோடை வரை போய்வருகிற நம்மூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

நாய் மனிதனைக் கடித்தால் செய்தியில்லை, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த வசனம் பிடிக்காது. ஒரே தெருவில் ஒரே நாளில் ஆறு பேரைக் கடித்தால் செய்திதான். கடிபட்டவர் போன இடத்தில் ஊசி இல்லையென்றால் அது அதைவிடப் பெரிய செய்தி.

முன்பு என்னிடம் செய்தி எழுதப் பழக வந்த ஒரு பெண்ணை ஏப்ரல் கடைசியில் கடலூர் முதுநகர் பக்கம் மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். நோட்டில் அழகாக எழுதி வந்தாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில், மீன் விலை உயர்வு. “இது போன வருஷ பேப்பர்லயும் இருக்குமே பாப்பா, வேற என்ன பார்த்தே?” என்றேன். தயங்கினாள். மீன் விற்கிற ஒரு அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி, “இது நம்ம கடல் மீனு இல்ல கண்ணு, கேரளா லாரி மீனு” என்றாராம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், ஆகவே அந்தச் சமயத்தில் அங்கிருந்து மீன் வர வழி இருக்கிறது. எத்தனை லாரி, எந்த நேரத்தில் வருகிறது, வழியில் எத்தனை தடவை ஐஸ் மாற்றுகிறார்கள், தடைக்கு உட்படாத நாட்டுப்படகுக்காரர் மீனுக்கு என்ன விலை? இன்னும் இரண்டு வியாபாரிகளிடமும் மீன்வளத் துறையிலும் கேட்டு உறுதிப்படுத்த அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. ஆனால் பாருங்கள், அந்த ஒரு வரியை அவள் நோட்டிலேயே எழுதவில்லை. “அது சும்மா பேச்சு சார்” என்றாள். அதிகாரி சொன்னால்தான் செய்தி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உங்கள் மகளுக்கும் அந்தப் பழக்கம்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.

எது செய்தி என்பதைப் பாடமாகப் படித்தவர்கள் கால்டுங், ரூகே என்ற இரண்டு பெயர்களைக் கட்டாயம் சொல்வார்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று ஆராய்ந்து, ஒரு நிகழ்வைச் செய்தியாக்கும் 12 காரணிகளை 1965-ல் பட்டியலிட்டவர்கள். மனப்பாடம் செய்தால் மார்க் வரும், மோப்பம் வராது. இன்னொன்றும் அவள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 23-வது பிரிவுப்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் போடக்கூடாது. எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தாலும் சரி.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைப்பதற்கில்லை. தாலுகா அளவில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் தருவார்கள். விளம்பரம் பிடித்துக் கொடு என்று கேட்கிற இடமும் உண்டு. அதனால் இளங்கலையில் பொருளாதாரமோ சட்டமோ படிக்கட்டும். பட்ஜெட்டும் தீர்ப்பும் படிக்கத் தெரிந்த நிருபரை எந்த அலுவலகமும் விடாது. இதழியலை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகத்திலேயே மக்கள் தொடர்பியல் முதுகலை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் செலவும் கையைக் கடிக்காது.

பீஸ் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் செலவழியுங்கள். ஒரு பேப்பர் கடலூரில் வாங்குங்கள், அதையே புதுச்சேரிப் பதிப்பாகவும் யாரிடமாவது சொல்லி வாங்கிவரச் செய்யுங்கள். எந்தச் செய்தி இரண்டிலும் இருக்கிறது, எது ஒன்றில் மட்டும் வந்திருக்கிறது, ஏன் என்று அவள் தினமும் குறித்துவைக்கட்டும். கூடவே, உங்கள் தெருவில் நடந்து எந்தப் பேப்பரிலும் வராத ஒன்று. ஏழாம் நாள் சலித்துப்போனால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே சேர்த்துவிடுங்கள், மனசு நோக வேண்டாம். எட்டாம் நாளும் நீங்கள் சொல்லாமலே அவளே கடைக்குப் போய் பேப்பர் வாங்கினால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள்.