இறைச்சியில் மருந்து வைக்க வேண்டாம்

திருவட்டார் பக்கம் உங்க நாய் அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியைக் கடிச்சுக் கொன்னிருக்கு, மாமா இறைச்சியில குருணை மருந்து (பயிருக்குப் போடுற பூச்சிக்கொல்லி) கலந்து வைக்கச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க. தயவுசெய்து வைக்காதீங்க.

மாமாவைக் கல்நெஞ்சக்காரர்னு நினைக்கவும் வேண்டாம். ஒரு ஆடு போனா பிள்ளையோட பள்ளிக்கூடச் செலவே போச்சுன்னு வாழ்ந்த தலைமுறை அது. அப்பல்லாம் மாட்டு டாக்டரும் பக்கத்துல கிடையாது. ஆனா அந்த மருந்து தின்ன நாய் நுரை தள்ளி, கால் வெட்டி வெட்டி இழுத்துத்தான் சாகும். மிச்சத்தைக் கொத்துற காக்காயும் சாகும். சொந்த நாயானாலும் இப்படிக் கொல்றது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

முதல்ல குட்டிக்கான பணத்தை நேர்ல கொண்டுபோய்க் கொடுங்க, பாதிப் பகை அங்கேயே தீரும். விடியக்காலை ரப்பர் வெட்டப் போறப்ப நாயை அவிழ்த்து விடுறதா சொல்றீங்களே, அதை இன்னைக்கே நிறுத்துங்க. ஆள் உயரக் கம்பிவலை அடிச்சு உள்ளே விடுங்க.

வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சா? குணம் திடீர்னு மாறியிருந்தாலோ எச்சில் ஒழுகினாலோ கிட்டப் போகாம கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்க, 1962-ங்கிற கால்நடை அவசர உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். பிழைக்க வழியில்லாத நோய்னா, மயக்கம் கொடுத்து ஊசி போட்டு முடிக்க அவருக்குத்தான் தெரியும்.