இருமல் நின்றதும் பூனையின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் பூனை நாலு கிலோ. ஆஸ்துமா என்று சொல்லி, பாலக்காட்டு மருத்துவர் பிரட்னிசோலோன் மாத்திரையும், ஸ்பேசரும் (மருந்தைத் தேக்கித் தரும் குழாய்) முகமூடியும் வைத்து அடிக்கும் புளூட்டிகசோன் இன்ஹேலரும் எழுதினார். பத்தே நாளில் இருமல் நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? மூச்சு முட்டினால் மாமனாரின் இன்ஹேலரை அடிக்கலாமா? மாத்திரையைத் துப்பிவிடுகிறது, என்ன செய்வது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நிறுத்தாதீர்கள். இருமல்தான் நின்றிருக்கிறது, மூச்சுக்குழாயின் அழற்சி உள்ளே இன்னும் இருக்கும். பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. அது வெளியிலிருந்து வரும்போது பூனையின் அட்ரீனல் சுரப்பி தன் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று விட்டால் ஆஸ்துமா திரும்புவதோடு, பூனை சோர்ந்து, வாந்தியெடுத்துச் சாப்பிடாமல் படுத்துவிடலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் கணக்கை மருத்துவரிடமே கேளுங்கள். புளூட்டிகசோன் முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டையும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் அதுதான்.

இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசருக்குள் ஒருமுறை அழுத்தி, முகமூடியை மூக்கோடு ஒட்டிப் பிடித்து ஏழிலிருந்து பத்து மூச்சு எண்ணுங்கள். முரண்டு பிடிக்கும் பூனையிடம் முதலில் மருந்தில்லாமல் வெறும் முகமூடியைக் காட்டி, பழகப் பழக ஒரு துண்டு மத்தி மீன் கொடுங்கள். முடிந்ததும் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பிரட்னிசோலோன் கசக்கும். பொடித்துச் சோற்றில் கலந்தால் மருந்தோடு சோறும் வீணாகும். முழு மாத்திரையை நாக்கின் அடியில் அல்ல, பின்பக்கத்தில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சில மில்லி தண்ணீர் மெதுவாக விடுங்கள்; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டக்கூடாது. துப்பினாலோ, ஒரு வேளை தவறினாலோ அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். சிரப்புக்கு மாறினால் லேபிளைப் படியுங்கள்: 5 மில்லியில் 5 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 15 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. நாலு கிலோ உடம்பில் மூன்று மடங்கு என்பது சின்ன விஷயமல்ல.

மாமனாரின் இன்ஹேலர் மாமனாருக்கே. அதில் எந்த மருந்து இருக்கிறது என்பதே வேறாக இருக்கலாம். அவசரத்துக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் வேண்டுமென்றால் மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். அது தினசரி மருந்தும் அல்ல. வீட்டில் நாய் இருந்தால் இன்ஹேலர்களை உயரத்தில் வையுங்கள். சால்பூட்டமால் டப்பியைக் கடித்து ஓட்டைபோட்டால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய், இதயத் துடிப்பு எகிறிவிடும்.

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். மெலோக்சிகாம் போன்ற வலி மாத்திரை பிரட்னிசோலோனுடன் சேர்ந்தால் வயிற்றிலும் குடலிலும் புண் வரலாம். வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். அதிக தாகம், அதிக சிறுநீர் கண்டால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் கணவாய்க் காற்று புழுதியை வாரி வரும் உங்கள் ஊரில், கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் வேறு எதற்கு? யூகலிப்டஸ் தைல ஆவி வேண்டவே வேண்டாம்.

தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரை அழையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.