ஆல்டரை வெட்ட அவசரப்படாதீர்கள்

கேள்வி: கனடாவின் வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில் ஐந்து ஏக்கர் வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டு செம்மறி ஆடுகள் உண்டு. மேலே பாறை மேடு, நடுவில் புல்வெளி, கீழே ஓடையை ஒட்டிய ஈரநிலம். ஓடையோரம் முழுக்க ரெட் ஆல்டர் என்ற மரம் அடர்ந்திருக்கிறது. "அது களை, வெட்டித் தள்ளு" என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். வேலிக் கம்பம், விறகு, கடல் காற்றுக்குத் தடுப்பு மூன்றும் எனக்கு வேண்டும். இந்த மண்ணின் மரங்களில் எவற்றை வைக்கலாம்? சீடர் மரங்களில் உள்பக்கத்து இலைகள் பழுப்பாகி உதிர்கின்றன, நோயா? பட்டியை ஒட்டிச் சிவப்புப் பழத்தோடு நிற்கும் சிறு மரம் எது? படங்கள் இணைத்துள்ளேன்.

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். படத்தில் இருப்பது பசிபிக் யூ மரம். ஆட்டுக்கு விஷம். இலை, பட்டை, விதை எல்லாமே இதயத்தை நிறுத்தக்கூடியவை. காய்ந்த கிளையிலும் விஷம் போகாது. பல நேரம் நோய்க்குறி எதுவும் கண்ணில் படாது, காலையில் போய்ப் பார்த்தால் ஆடு செத்துக் கிடக்கும். "மான் வந்து தின்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். மான் தாங்கும், ஆடு மாடு குதிரை தாங்காது.

அடையாளத்தில் குழப்பம் வேண்டாம். யூவின் ஊசியிலைக்கு அடியில் வெள்ளைக் கோடு இருக்காது, வெளிர் பச்சையாகவே இருக்கும். பட்டை மெல்லியது, ஊதா கலந்த சிவப்பில் செதில் செதிலாக உரியும். அதே நிழலில் வளரும் வெஸ்டர்ன் ஹெம்லாக்கின் இலைக்கு அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும், மரத்தின் உச்சி வளைந்து தொங்கும். ஹெம்லாக் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே பெயரில் பேர் போன விஷச்செடி ஒன்று உண்டு, அது வேறு, இந்த மரம் வேறு.

யூவை வெட்டவும் வேண்டாம். மிக மெதுவாக வளரும் மரம், வில்லுக்கும் துடுப்புக்கும் இங்குள்ள பூர்வகுடி மக்கள் தேடிப் போய் எடுத்த மரம். டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து முதலில் இதன் பட்டையிலிருந்துதான் பிரிக்கப்பட்டது. 1992-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இப்போது அந்த மருந்தை வேறு வழிகளில் தயாரிக்கிறார்கள் என்பதால் மரம் பிழைத்தது. நீங்கள் செய்ய வேண்டியது வேலியை நகர்த்துவது. காற்றில் ஒடியும் கிளை விழுகிற தூரத்தையும் கணக்கில் சேர்த்து நகர்த்துங்கள்.

சரி, ஆல்டருக்கு வருவோம். ஒரு இளமரத்தின் அடியில் மண்ணைக் கிளறி மெல்லிய வேர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பவளக் கொத்து மாதிரி முடிச்சுகள் ஒட்டியிருக்கும். அதற்குள் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. நம் சவுக்கு மரத்து வேரிலும் இதே ஏற்பாடுதான். நெருக்கமாக வளர்ந்த ஆல்டர் தோப்பு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 50 கிலோவுக்கு மேல் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், 100 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இலையைப் பழுக்க விடாமல் பச்சையாகவே உதிர்ப்பதால் அதிலுள்ள சத்தும் மண்ணுக்கே வருகிறது. மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போடுகிறவருக்கு இது களையாகத் தெரிவது எனக்கு வேடிக்கை.

ஆனால் ஆல்டருக்கு ஆயுள் குறைவு, நூறு வயதைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே அதை நிரந்தரக் காடாக நினைக்காமல் தாதியாக வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நிற்கும் இடத்தில் மூன்றில் ஒன்றை வெட்டிக் கலைத்துவிட்டு, அந்த நிழலில் சீடர் கன்றுகளை வையுங்கள். சீடர் நிழலைத் தாங்கும். ஆல்டர் சாயும் காலத்தில் சீடர் தலை தூக்கியிருக்கும். ஒன்று மட்டும்: ஓடையிலிருந்து 30 மீட்டருக்குள் எதையும் வெட்டுவதற்கு முன் உள்ளூராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மீன் வாழும் ஓடைக்கு அந்த நிழல் வேண்டும், அதற்கென்று விதிகள் இருக்கின்றன.

கலைத்த ஆல்டர் விறகுக்கு ஆகும். வெட்டிய வாய் வெள்ளையாக இருந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சுச் சிவப்பாக மாறும், கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போதே பிளந்து கூரைக்கடியில் அடுக்குங்கள், மழையில் போட்டால் உளுத்துவிடும். சால்மன் மீனைப் புகை போட இந்தக் கரையில் இதைவிடப் பேர் வாங்கிய மரம் இல்லை. வேலிக் கம்பத்துக்கு மட்டும் ஆகாது. மண்ணில் பட்டால் சில வருஷத்தில் போய்விடும்.

கம்பத்துக்கு வெஸ்டர்ன் ரெட்சீடர்தான். (சீடர் என்றதும் தேவதாரு என்று எழுதுகிறார்கள். தேவதாரு இமயமலை மரம், இது துயா என்ற வேறு இனம்.) இதன் வைரத்தில் (உள்ளே இருக்கும் கெட்டியான நடுக்கட்டை) இயற்கையாகவே பூஞ்சையை அண்டவிடாத பொருள் இருக்கிறது. ஆனால் வெளிப்புறத்து வெளிறிய பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கம்பம் எடுக்கும்போது பழுப்பு வைரமாகப் பார்த்துப் பிளந்து எடுங்கள். உங்கள் நிலத்தில் என்றோ விழுந்த சீடர் கட்டை கிடந்தால், பாசி மூடி மக்கியதுபோல் தெரிந்தாலும் கத்தியால் குத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாக இருக்கும். நிற்கிற மரத்தை வெட்டாமலேயே பாதி வேலி முடியலாம்.

பழைய சீடரில் ஒரு பக்கம் மட்டும் நீண்டு மேலே கூராக முடியும் தழும்பு இருந்தால் அது நோயல்ல. கூடையும் பாயும் உடையும் செய்யப் பூர்வகுடிகள் வசந்தத்தில் பட்டை உரித்த தடம். மரம் பிழைக்கட்டும் என்று ஒரு பக்கத்தில் மட்டும் உரித்திருப்பார்கள். 1846-க்கு முந்தைய தடமென்றால், தனியார் நிலத்திலும் மாகாணச் சட்டப்படி அனுமதியில்லாமல் அந்த மரத்தைத் தொடக்கூடாது.

இலை பழுப்பாவதைப் பற்றி: நீங்கள் அனுப்பிய படத்தில் உச்சி பச்சையாக, அடர்த்தியாக இருக்கிறது. உள்பக்கத்துப் பழைய இலைகள் மட்டுமே சிவந்திருக்கின்றன. கோடை முடிவில் சீடர் இப்படி உதிர்ப்பது இயல்பு, மருந்து தேவையில்லை. உச்சியே மெலிந்து காய்ந்தால்தான் கவலைப்பட வேண்டும், அது வறட்சி. உங்கள் கிழக்குக் கரை மலையின் மழை மறைவில் இருக்கிறது. கோடை வறட்சி கூடியதில் அங்கே சீடர்கள் நின்றபடியே சாகின்றன. ஆகவே புதுச் சீடரைக் கீழே ஈரத்தில் மட்டும் வையுங்கள், மேட்டில் வேண்டாம்.

காற்றுத் தடுப்புக்குச் சிட்கா ஸ்ப்ரூஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். உப்புச் சாரலைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு கூன்வண்டு அதன் நுனித் தண்டைத் துளைத்துக் கொன்றுவிடும், மரம் புதராகிப்போகும். வண்டைத் தாங்கும் ரகக் கன்று கிடைத்தால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் கடல் பார்த்த வரிசையில் ஷோர் பைன், அதற்குப் பின்னால் டக்ளஸ் ஃபர். சுவர் மாதிரி அடைத்து நடாதீர்கள். பாதிக் காற்று சல்லடையில் போவதுபோல் ஊடே போக வேண்டும், அடைத்தால் மறுபக்கம் சுழன்றடிக்கும். சரியாக அமைந்தால் மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை ஆட்டுக்குக் காற்றிலிருந்து ஒதுக்கம் கிடைக்கும்.

புல்வெளி ஓரத்தில் பிக்லீஃப் மேப்பிள் ஒன்றிரண்டு விடலாம். குளிர்காலத்தில் இரவு உறைந்து பகல் இளகும் நாட்களில் அதன் இனிப்புச் சாற்றை வடிக்கலாம். ஒரு லிட்டர் பாகுக்கு அறுபது லிட்டருக்கும் மேல் சாற்றைக் காய்ச்ச வேண்டிவரும். விறகு இருக்கிறது, பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

நடவை அக்டோபர், நவம்பர் மழையோடு முடித்துவிடுங்கள், கோடைக்குள் வேர் இறங்கிவிடும். சீடர் கன்றுக்கு மான் தடுப்புக் குழாய் போடாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

பாறை மேட்டில் எதையும் திணிக்காதீர்கள். ஆர்புட்டஸோ கேரி ஓக்கோ தானாக முளைத்திருந்தால் ஆடு மேயாமல் அடைத்து விட்டுவிடுங்கள். ஆர்புட்டஸை இடம் மாற்றினால் பிழைப்பது கடினம், வாங்குவதானால் சின்னஞ்சிறு தொட்டிக் கன்றாக வாங்குங்கள். கோடையில் அதன் சிவப்புப் பட்டை சுருள் சுருளாக உரிந்து அடியில் பச்சை தெரியும். அதற்கும் படமெடுத்து அனுப்ப வேண்டாம், அதன் வழக்கமே அதுதான்.