ஹிமாலயனுக்கு எந்த ஹெல்மெட்?

மாசம் ரெண்டு தடவை மதுரை–சென்னை, வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஸ்போர்ட் ஹெல்மெட் வாங்கவா டூரிங் ஹெல்மெட் வாங்கவான்னு கேக்கறீங்க. அது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டற பைக். அப்போ நீண்ட பயணத்துக்குன்னு இருக்கிற டூரிங் மாடலே எடுங்க நண்பா. ஸ்போர்ட் ஹெல்மெட்டை டேங்க் மேல குனிஞ்சு ஓட்டறவங்களுக்குன்னு வடிவமைக்கிறாங்க. தலையைத் தூக்கிப் பார்க்க வசதியா கண் திறப்பு மேல ஏறியிருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தா ஹெல்மெட் பின்னாடி துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற ஸ்பாய்லர் காத்தை வாங்கி தலையை ஆட்டும், கழுத்து வலிக்கும். (பார்க்க அழகுதான், ஒத்துக்கறேன்.) டூரிங்ல பெரும்பாலும் உள்ளேயே வெயிலுக்கு இறக்கிக்கிற கறுப்பு வைசர் இருக்கும், இரைச்சலும் குறைவு. நூறுல போனா காத்துச் சத்தமே ஆளைக் களைப்பாக்கிடும், அதனால இயர்பிளக்கும் வாங்கிக்கோங்க.

ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இசிஇ 22.06 இருந்தா இன்னும் நல்லது. கடையில கால் மணி நேரமாவது மாட்டிப் பாருங்க. கன்னம் அழுந்தலாம், நெற்றி வலிச்சா அந்த சைஸ் வேண்டாம்.